பிரேக்குக்குப் பொட்டு வைத்த வீடு

அன்பு மகனே,

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். நான் ஒன்று சொல்ல ஆரம்பிப்பேன், நீ வேறொன்று கேட்பாய், கடைசியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. முடிகிற வரை நீ வாயைத் திறக்க முடியாது. சிங்கப்பூரில் நல்ல நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் படி. நீ ஏற்பாடு செய்த குத்தகைக்காரர் வந்து போய்விட்டார். என்ன நடந்தது என்று அவர் தன் பங்குக்கு உன்னிடம் சொல்லியிருப்பார். நான் என் பங்குக்குச் சொல்கிறேன். பூந்தோட்டம் என் கையில் இருக்குமா, போகுமா என்பதற்கும், நீ விற்றுவிடச் சொன்ன அந்த மலைச் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்பது உனக்குத் தெரிய வேண்டும். உனக்கு அந்தச் சைக்கிளைத் தெரியும், தோட்டத்தையும் தெரியும். இரண்டையும் சேர்த்து நீ பார்த்ததே இல்லை.

நீ விமானம் ஏறியபோது "அம்மா, அத யாருக்காச்சும் வித்துரு, சும்மா கெடந்து துருப்பிடிக்கும்" என்றாய். நான் தலையாட்டிவிட்டு, சாக்கைப் போட்டு மூடி மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்தேன். மகன் ஆசைப்பட்டு வாங்கிய பொருளை முன்பின் தெரியாதவனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் இங்கே ஒவ்வொன்றாக வந்தது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, மொபெட்டைத் தொட அவருக்குப் பயம். எனக்கு மூட்டுத் தேய்மானம். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரம் நடக்காதீங்க. சைக்கிள் ஓட்டுவீங்களா? அது நல்லது" என்றார். ஓட்டுவீங்களா என்று எந்த ஊர்க்காரியிடம் கேட்கிறார் பார்! புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர் ஊராகப் பெண்கள் எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகப் படித்த காலத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கல்யாணமான புதுசில் பள்ளிக்கூடத் திடலில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். மொபெட் மட்டும் எனக்கு ஆகாது. கையைத் திருகினால் அது என்னை இழுத்துக்கொண்டு போகிறது. சைக்கிள் நான் போனால்தான் போகும்.

ஆனால் என் பழைய சைக்கிள் தோட்டத்துக்குப் போகாது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் தார்ச் சாலை, அப்புறம் கண்மாய்க் கரை மேல் ஏற்றம், கரையை விட்டு இறங்கினால் மழைத் தண்ணீர் ஓடி மணல் கொட்டிக் கிடக்கும் வாரி, அதைத் தாண்டினால் முந்திரிக் காட்டுக்குள் வேரும் கல்லுமாகச் செம்மண் தடம். ஒல்லி டயர் மணலில் முழங்கால் வரை புதையும் என்று சொன்னால் மிகை, ஆனால் புதையும். தள்ளிக்கொண்டு போவதற்கு நடந்தே போகலாம், நடக்கத்தான் முடியாது. தோட்டத்துக்கு நாள் தவறாமல் போகாவிட்டால் மல்லிகை நமக்காகக் காத்திருக்காது. மொட்டாக இருக்கும்போதே பறித்து மண்டிக்கு அனுப்ப வேண்டும், மலர்ந்துவிட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். இப்படியே இரண்டு வாரம், என்னோடு பூப் பறிக்க வருகிற முத்துலெட்சுமியை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். பாவம், அவள் ஒருத்தி எவ்வளவுதான் பறிப்பாள்? ஒரு நாள் மாட்டுக் கொட்டகையில் சாக்கை விலக்கினேன். உன் சைக்கிள் தூசிக்குள் முழித்துக்கொண்டு நின்றது.

அதை முதலில் பார்த்தபோது எனக்கு மரியாதையே வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. இல்லாததற்கெல்லாம் சேர்த்துத்தானா இவ்வளவு விலை கொடுத்தான் இந்தப் பிள்ளை என்று நினைத்தேன். முதல் வாரம் என் முதுகில் கீழிருந்து கழுத்து வரை ஒரு செம்மண் கோடு. கடைத்தெருவில் எல்லோரும் என் பின்னால் பார்த்துச் சிரித்த காரணம் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. சேலை சங்கிலியில் மாட்டும் என்பதால் சுடிதார் பேண்டும், மேலே உன் அப்பாவின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். சைக்கிள் கடையில் ஒரு கேரியரும் மட்கார்டும் மாட்டச் சொன்னேன். அதோடு டயருக்குக் காற்றும் அடிக்கச் சொன்னேன், நம் வழக்கப்படி கல்லு மாதிரி. அங்கேதான் தப்பு. முந்திரி வேர் ஒவ்வொன்றும் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அன்றைக்கு நீ வீடியோ காலில் வந்தபோது டயரைப் பற்றி மெல்லக் கேட்டேன், "அந்த டயர்ல காத்து கொறையா இருக்கணும்மா, தரையோட படுத்துக்கிட்டுப் போவணும்" என்றாய். நான் எதற்கோ கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாய். காற்றைக் குறைத்தேன். அந்தப் பட்டன் பட்டனான தடித்த டயர் மணலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் வாய்விட்டு, தன்னந்தனியாக. முன்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் பள்ளத்தின் பாதியை விழுங்கிக்கொண்டு மீதியை மட்டும் கைக்குக் கொடுத்தது. சின்னப் பல்லுக்குக் கியரை மாற்றினால் கண்மாய்க் கரை ஏற்றத்தில்கூட மூட்டு முனகவில்லை. மெதுவாகத்தான் போகிறது, வாத்து நடக்கிற வேகம், ஆனால் நிற்காமல் போகிறது.

நம் பக்கம் உயரம் என்றால் கண்மாய்க் கரைதான். மலை பார்க்க வேண்டுமென்றால் நார்த்தாமலைப் பாறைக்குப் போக வேண்டும். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உன் பெரியப்பா கேலி செய்தார். அப்போது நீ கல்லூரியிலிருந்து இதை வாங்கி வந்த அன்று சொன்ன கதையை அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் டமல்பையஸ் என்று ஒரு மலை, பேரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. எழுபதுகளில் அங்கே சில இளவட்டங்கள் யாரும் சீண்டாத பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் பையன்கள் வீடு வீடாகப் பேப்பர் போட்ட சைக்கிள்கள், கியர் கிடையாது, தூக்கவே ஆள் வேண்டும். அவற்றை லாரியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய், காட்டுத் தீயை அணைக்கும் வண்டிக்காகப் போட்டிருந்த மண் பாதையில் தலைதெறிக்க இறங்குவார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸெல்லாம் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அந்தப் பாதைக்கே கிரீஸ் அடைக்கிற வேலையை வைத்துப் பேர் வந்துவிட்டது என்று நீ சொன்னாய். அப்புறம் ஒருத்தர் கியரை மாட்டியிருக்கிறார், ஒருத்தர் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார், கடைசியில் சட்டத்தையே தாங்களே பற்றவைத்துச் செய்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் பிறகுதான் வந்தார்கள். பெரியப்பா கேட்டுவிட்டு, "அட, அவனுகளும் நம்மள மாதிரி ஒட்டுப்போட்டு ஓட்டுன பயலுகதானா?" என்றார். அதற்கப்புறம் கேலி குறைந்துவிட்டது. மறுநாள் கொட்டகைப் பக்கம் வந்து, யாரும் பார்க்காதபோது அவரே ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

ஏழெட்டு மாதம் இப்படி நன்றாகப் போனது. உனக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாய். அந்தக் காலைகளைப் பற்றி என்ன சொல்ல? முந்திரி பூக்கிற மாதத்தில் அந்தக் காட்டு வழி முழுக்க ஒரு வாசம் அடிக்கும், மயில் குறுக்கே ஓடும், நான் முழுக்கைச் சட்டையில் ராணி போல் போவேன். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போயிருந்தது. அது அந்த வழியில் ஞாபகத்துக்கே வராது. கல்லூரியில் படித்தபோது நீ அனுப்பிய வீடியோக்களில் சொன்ன இரண்டு மூன்று வித்தைகளும் எனக்குப் படிந்துவிட்டன. மேடு வந்த பிறகு கியரை மாற்றினால் சங்கிலி கறமுறவென்று முரண்டும், மேட்டைப் பார்த்தவுடனே மாற்றிவிட வேண்டும். உனக்கும் இதைச் சொல்கிறேன். நீ ஆபீஸ் வேலையில் பெரிய பல்லிலேயே மேட்டை மிதித்து மிதித்து முழங்கால் போன பிறகு லீவு கேட்கிற ஆள். இறக்கத்தில் சீட்டில் உட்காராமல் இடுப்பைப் பின்னால் தள்ளு. கல்லைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், பார்க்கிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும்.

இப்போது சரஸ்வதி பூசைக்கு வருகிறேன். உன் அப்பாவின் கையில் எண்ணெய்க் குப்பி இருந்தால் அவர் மனிதராக இருக்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும். பம்புசெட்டு, கேட், கதவுக் கீல், தையல் மெஷின், மின்விசிறி, எதையும் விட மாட்டார். ஆயுத பூசை என்றால் அவருக்குத் தீபாவளி. அன்றைக்கு மண்வெட்டி, அரிவாள், கத்தரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். உன் சைக்கிளையும் குளிப்பாட்டினார். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாகப் பளபளவென்று ஒரு தகடு இருக்கிறதே, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இம்புட்டு அழகான தகட்ட எண்ணெ போடாம வெச்சிருக்கியே, துரு ஏறாதா?" என்றார்.

"போடுங்க" என்றேன் நான். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு தகட்டையும் கண்ணாடி மாதிரி துடைத்தார். நான் அதன் மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். டயர்தான் தடிமன் ஆயிற்றே, பழம் சும்மா பிதுங்கிப் போனது. பொரிகடலை சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் படுத்தோம்.

மறுநாள் காலை, பூக்கூடையும் சாப்பாட்டுத் தூக்கும் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றம் ஏறினேன், கரை மேல் போனேன். மடைக்குப் பக்கத்தில் கரை சரிந்து வளைகிற இடம் உனக்குத் தெரியும். அங்கே வந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிடி உள்ளே போனது, சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே ஒழிய வேகம் குறையவே இல்லை. ஒரு பக்கம் சீமைக் கருவேல முள், ஒரு பக்கம் கண்மாய். போக வேண்டிய இடத்தைப் பார் என்று நீதானே சொன்னாய்? நான் தண்ணீரைப் பார்த்தேன். நேராக அதற்குள்ளேயே போய்விட்டேன். முழங்காலளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்காலளவு சேறு. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்த முத்துலெட்சுமி சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தாள். வந்தவள் கை கொடுக்கவில்லை, போனைத் தூக்கினாள்.

"ஏண்டி, தூக்கி விடுறத விட்டுட்டுப் படமா புடிக்கிற?"

"கோவிச்சுக்காதக்கா, சாப்பாட்டுத் தூக்கு அங்கிட்டுத் தனியா மெதந்து போச்சா, அதப் பாத்ததும் கை தானா போயிருச்சு!"

நான் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், அவளும் கரையில் உட்கார்ந்து சிரித்தாள். நீ அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாய். ஊர்க் குரூப்பில் அவள் போட்டு, நான் வீடு போய்ச் சேர்ந்து சேற்றைக் கழுவுவதற்குள் உன் போன் வந்துவிட்டது.

"அம்மா, ஒனக்கு என்ன பைத்தியமா? தண்ணி இருந்துச்சு, தப்பிச்ச. கல்லு கெடந்திருந்தா?" என்று கத்தினாய். பிறகு குரல் இறங்கி, "அப்பா எங்க? அந்த டிஸ்க்குல எதுவும் எண்ணெ கிண்ணெ போட்டாரா?" என்று கேட்டாய். உன் அப்பா கையில் அப்போதும் எண்ணெய்க் குப்பி இருந்தது. மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எண்ணெ போடாம எப்புடிடா? இரும்புதானே?"

அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் கட்டை கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும், அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வழுக்கிக்கொண்டே போகும் என்று நீ சொன்னபோது, எனக்கு அந்த அமெரிக்கப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிரீஸ் போனதால் பிரேக் போனது. நமக்கு எண்ணெய் வந்ததால் போனது. அதைச் சொன்னேன், நீ சிரிக்கவில்லை. "சைக்கிள வித்துரு, தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுரு, நானே ஆள் பாத்து அனுப்புறேன்" என்று முடித்துவிட்டாய். விற்பதற்காவது சரியாக இருக்கட்டும் என்று, பிரேக்கை எப்படிச் சுத்தம் செய்வது என்றும் நீயே சொன்னாய். அதன்படி தகட்டை மருந்துக் கடை ஸ்பிரிட்டால் துடைத்தோம். புது பிரேக் பேட் புதுக்கோட்டையிலிருந்து வாங்கி வந்து கடையில் மாட்டினோம். மாட்டிய பிறகு, மடைப் பக்கத்து வளைவில் நான் இறங்கியே தள்ளிக்கொண்டு போகப் பழகிவிட்டேன். ஹெல்மெட்டும் வாங்கியாகிவிட்டது. நீ கேட்டது நியாயமான கேள்வி, கல் கிடந்திருந்தால் என்ற கேள்வி. அதை நான் தட்டிக் கழிக்கவில்லை.

நீ குத்தகை பேச அனுப்பிய கறம்பக்குடிக்காரர் வந்ததற்கு முந்தின நாள் முழுக்க மழை. பெரிய மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. "நீங்க முன்னால போங்கம்மா, நான் பின்னாலயே வாரேன்" என்றார். வாரியில் அவர் வண்டி சேற்றில் குந்திக்கொண்டது. முறுக்க முறுக்க உள்ளே இறங்கியதே தவிர மேலே வரவில்லை. நான் சின்னப் பல்லில் மெதுவாக மிதித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன். வேண்டுமென்று செய்யவில்லை, நின்றால் நானும் புதைவேன். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தபோது நான் அரைக்கூடை பறித்திருந்தேன்.

"ஏம்மா, தெனமும் இம்புட்டுத் தூரம் இதுலயா வர்றீங்க?"

"இதுலதாங்க."

அவர் வரப்பில் நின்று சுற்றிப் பார்த்தார். "மண்ணு நல்லாருக்கு. பூவெல்லாம் நமக்குத் தோதுப்படாதுங்க, ஆளு கெடைக்காது. பொக்லைன விட்டு எல்லாத்தையும் தட்டிட்டுத் தைலமரம் வெச்சிட்டா, வெட்டுற வரைக்கும் எட்டிக்கூடப் பாக்க வேணாம்" என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் கணக்கு. எனக்குத்தான் கூடை கையில் கனத்தது. எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம் என்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை? காலையில் எழுந்து எங்கே போவேன்? முத்துலெட்சுமி எங்கே போவாள்? வீட்டில் உட்கார்ந்து டிவியில் சமையல் பார்த்துக்கொண்டு, நீ போன் செய்கிற நேரத்துக்காகக் காத்துக்கொண்டு இருக்கிற அம்மாவாக என்னை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் குனிந்து பறித்தேன்.

"கொடுக்கலீங்க" என்றேன்.

"ஒங்க மகன் பேசிட்டாரே?"

"அவன் பேசுவானுங்க. பறிக்கிறது நான்ல?"

அவர் சிரித்துவிட்டார். ஒரு முழத்துக்கு ஆகிற அளவு பூவை இலையில் கட்டி அவர் வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். வண்டியை வாரியிலிருந்து தூக்க முத்துலெட்சுமியும் நானும் ஒரு கை கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "குடுத்துட்டியா?" என்று கேட்டார். "இல்லங்க" என்றேன். அவர் போய்ச் சைக்கிளின் சங்கிலிக்கு மட்டும் எண்ணெய் விட்டார். தகட்டுப் பக்கம் போகவே இல்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, மகனே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். நீ கோயம்புத்தூரில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவாய். கொல்லிமலை உச்சியிலிருந்து ஒரு தடவை படம் அனுப்பினாய், பின்னால் பள்ளம், "இப்ப எறங்கப் போறேன்" என்று எழுதியிருந்தாய். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. "போவாதன்னு சொல்லு" என்று உன் அப்பா என் பக்கத்தில் நின்று அரற்றினார். போகாதே என்று எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். அந்தப் படத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. "பாத்துப் போ" என்று மட்டும் அனுப்பிவிட்டு, நீ கீழே வந்து சேர்ந்ததாகச் சொல்கிற வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு வாரமா, இரண்டு வாரமா? நீ படித்து முடிக்கிற வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன்.

இனி உன் முறை. பயந்துகொள், போனைக் கையில் வைத்துக்கொள், அங்கே குழம்பு வைத்தால் அதையும் தீய விடு. நாளைக் காலை நான் தோட்டத்துக்குக் கிளம்புவேன். கிளம்பும்போது ஒரு படம் அனுப்புகிறேன். பதிலுக்கு நீ "பாத்துப் போம்மா" என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா